கர்த்தார் சிங் கையில் ஒரு குழந்தை

1

ஊரிலிருந்து அண்ணன் எழுதியிருக்கிறார். நான் அனுப்பிய படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தார்களாம். "மலாய் நாட்டில் பெரிய பெரிய கட்டடங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நீ என்னடாவென்றால் காது குடைகிற சீனனையும் மீன் கழுவுகிற பெண்பிள்ளையையும் படம் பிடித்து அனுப்புகிறாய். உன் வீட்டை ஒரு படம் எடுத்து அனுப்பக் கூடாதா? தெருவில் போகிறவர்களால் நமக்கு என்ன ஆகப் போகிறது?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் தெருவில் போகிறவர்களால் எனக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்பது அண்ணனுக்குத் தெரியாது. ஒரு தடவை வேலையே போயிருக்க வேண்டியது. அந்தக் கதையை அவருக்கு மட்டும் எழுதுவானேன்? பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, அவர்கள் அனுப்பும் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னென்னவோ யோசிக்கிற எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் சரக்குப் பிரிவில் குமாஸ்தா. இங்கே குமாஸ்தாவை மலாய்க்காரர்களைப் போலவே 'கிராணி' என்று சொல்வார்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்கிற பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீடு. மனைவி ருக்மணி. மகள் வசந்தா இங்கேயே பிறந்தவள், கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நான் "நம்ம ஊர்" என்றால் திருத்துறைப்பூண்டி. அவள் "நம்ம ஊர்" என்றால் பிரிக்பீல்ட்ஸ். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், "நம்ம ஊர்ல இப்ப நல்ல மழை பேஞ்சிருக்கும்" என்றேன். அவள் எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லப்பா, தரை காஞ்சிதானே கெடக்கு" என்றாள். ருக்மணி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

2

எங்கள் இஞ்சினீயர் துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி வாங்கப் போன நான் ஒரு மடக்குக் காமிராவோடு வந்து சேர்ந்தேன்.

"நாக்காலி எங்கங்க?" என்றாள் ருக்மணி.

"அதை ஒரு செட்டியார் கொண்டு போயிட்டார்."

"அதனால? இது மேலயா உக்காரப் போறீங்க?"

முதலில் எல்லோரையும் போல நானும் வீட்டாரை நிற்க வைத்துத்தான் எடுத்தேன். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் ருக்மணியும் வசந்தாவும் மூச்சுவிடாமல் நின்றார்கள். படத்தைப் பார்த்தால் யாரோ அவர்களைத் திட்டி நிறுத்தியது போல இருந்தது. பிறகு ஒரு நாள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது கைதவறி விசையை அழுத்திவிட்டேன். பிலிம் வீணாயிற்றே என்று வருந்தினேன். கழுவிப் பார்த்தபோது, சாலையோரத்தில் காது குடைகிற சீனரும், அவர் முன்னால் முக்காலியில் ஒரு மனிதரும் விழுந்திருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் கண்ணை மூடி, வாயைக் கோணி, சுகமும் பயமுமாகச் சொர்க்கத்துக்குப் பாதி வழியில் இருந்தார். அந்த ஒரு முகம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் தங்குவதில்லை. ரயில்வேக்காரனுக்குப் பாஸ் உண்டு. கிள்ளான், காஜாங், ரவாங் என்று எங்காவது போய் இறங்குவேன். காமிராவை இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பதால், ஏதோ பெட்டிக்குள் தொலைத்ததைத் தேடுகிறான் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். பலகாரத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டே தூங்குகிற மலாய்ப் பெண், மாட்டோடு சண்டை போடுகிற பால்காரர், மழைக்கு ஒரே வாழையிலையின் கீழ் நிற்கிற தமிழனும் சீனனும். இப்படி எத்தனையோ. யாருடைய படமாவது நன்றாக வந்துவிட்டால் அடுத்த வாரம் போய்த் தேடிப் பிடித்து ஒரு பிரதியைக் கொடுத்துவிடுவேன். சிலர் சிரிப்பார்கள். ஒரு கிழவர் மட்டும், "இது நானில்ல, எங்கண்ணன்" என்று சாதித்துவிட்டு அதையும் வாங்கிக்கொண்டார்.

இந்தப் பழக்கம் எனக்கு ஊரில் வந்திருக்காது. திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் நான் ஒரு நிமிஷம் சும்மா நிற்க முடியாது. "யாரு, ராமசாமி மவனா? எப்ப வந்தே? அப்பாவுக்கு இருமல் எப்படியிருக்கு?" என்று பத்துப் பேர் கேட்டுவிடுவார்கள். அங்கே தெருதான் என்னைப் பார்க்கும். இங்கே நான் யார் மகன் என்று யாருக்கும் அக்கறையில்லை. வந்த புதிதில் அது பெரிய குறையாகத் தெரிந்தது. பிறகு, அதனால்தான் எனக்குக் கண் திறந்தது என்று தோன்றியது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் போயிருந்தேன். கிள்ளானுக்கு அப்பால் இருக்கிற துறைமுகம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களை முதலில் ஒரு முகாமில் நிறுத்திவைத்து, நோய் நொடி இல்லை என்று தெரிந்த பிறகே வெளியே விடுவார்கள். அப்படி விடுகிற நாள் அது. முகாம் வாசலைத் தாண்டியதும் ஒவ்வொருவரும் ஒரு கணம் நிற்பார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிற அந்த நிலையைப் படமெடுக்கத்தான் போவேன். நானும் ஒரு காலத்தில் அங்கே அப்படி நின்றவன்தான்.

பக்கத்திலிருந்த துறைமுகக் கிடங்கு வாசலில் ஒரு சீக்கியக் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு காவல் நின்றார். நெட்டையான மனிதர். தாடியில் நரை ஓடத் தொடங்கியிருந்தது. அவருக்கு எதிரே ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தையும் தலையில் துணிமூட்டையுமாக வந்தாள். மூட்டையின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஏனங்கள் எல்லாம் சிதறின. ஒரு பித்தளைச் செம்பு தண்டவாளத்தை நோக்கி உருண்டது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஒரே ஆள் அந்தக் கான்ஸ்டபிள்தான். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, ரயிலில் அடுத்த ஆள் மடியில் பிள்ளையை உட்கார்த்துவது போல, குழந்தையை அவரிடம் நீட்டிவிட்டுச் செம்பின் பின்னால் ஓடினாள்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கையாலும் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது உடனே அவர் தாடியைக் கொத்தாகப் பிடித்தது. அந்த மனிதர் முகம் முழுக்கச் சிரித்தார். நான் விசையை அழுத்தினேன்.

அதற்குள் அவள் புருஷன் ஓடிவந்துவிட்டான். "வெரசா வா, காப்பாருக்குப் போற வண்டி நிக்காது" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டான். காப்பார் என்பது கிள்ளானுக்கு வடக்கே ரப்பர்த் தோட்டங்கள் இருக்கிற ஊர். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். கான்ஸ்டபிள் மறுபடியும் துப்பாக்கியை எடுத்து விறைப்பாக நின்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்த சமயம் விசில் சத்தம் கேட்டது. கிடங்கு மேற்பார்வைத் துரை என்னைப் பார்த்துக் கத்தினார். அங்கே படம் எடுக்கக் கூடாதாம். அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது.

துரை சைகை காட்ட, கான்ஸ்டபிள் வந்து என் கையைப் பிடித்தார். "என்ன படம் எடுத்தாய்?" என்று மலாயில் கேட்டார். வெறும் மனிதர்கள் முகத்தைத்தான் எடுத்தேன் என்று சொல்ல நினைத்தேன். முகத்துக்கு மலாய்ச் சொல் வாயில் வரவில்லை. தலை என்றாவது சொல்வோம் என்று பார்த்தேன். தலைக்கு 'கெப்பாலா'. கப்பலுக்கு 'காப்பால்', ஏறக்குறைய நம் சொல்லேதான். பயத்தில் என் நாக்கு தனக்குப் பழகிய பக்கமே போயிற்று.

"காப்பால்! காப்பால் மட்டும்தான், வேறொன்றும் இல்லை!" என்று மலாயில் உரக்கச் சொன்னேன்.

துரையின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே உறைத்தது.

4

போலீஸ் இன்ஸ்பெக்டர் மரியாதையான வெள்ளைக்காரர். உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நீர் சொல்வது உண்மையானால் பிலிமே சொல்லிவிடும். கிள்ளானில் கழுவச் சொல்வோம். மாலையில் நான் அங்கே வருகிறேன். கப்பலோ கிடங்கோ அதில் இருந்தால் உம்முடைய இலாகாவுக்கு எழுத வேண்டியிருக்கும்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வேலைதான் நினைவுக்கு வந்தது. ரப்பர் விலை விழுந்து நாடு முழுக்க ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு சின்னக் காரணம் கிடைத்தால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான். எடுத்த எட்டுப் படத்தில் ஏதாவது ஒன்றின் மூலையில் கப்பல் கொடிமரம் விழுந்திருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

என்னைப் பிடித்த கான்ஸ்டபிளையே துணைக்கு அனுப்பினார்கள். அவர் பெயர் கர்த்தார் சிங். ரயிலில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். காமிரா அவர் மடியில். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் திடீரென்று தமிழில் பேசினார்.

"கிராணி, என்னையும் புடிச்சியா?"

அவர் தமிழில் 'நீங்கள்' கிடையாது. மூட்டை தூக்குகிறவர்களிடம் கற்ற தமிழ், எல்லோரும் அதில் 'நீ'தான்.

"ஆமாண்ணே."

"கொழந்தையோட?"

"ஆமா."

வெளியே சதுப்பு நிலம் ஓடியது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துப்பாக்கி?"

"செவுத்துல சாஞ்சிருந்துச்சே, அதுவும் விழுந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். காவல் நேரத்தில் துப்பாக்கியைக் கையைவிட்டு வைப்பது அவர்கள் உத்தியோகத்தில் பெரிய குற்றம். சட்டைக் கையில் தைத்திருக்கிற நன்னடத்தைப் பட்டை போய்விடும், காத்திருந்த ஊர் விடுமுறையும் போய்விடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது அவர் அதைச் சொல்லவில்லை. காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தெறந்தா என்னா ஆகும்?"

"வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் போயிடும்."

"ஒண்ணும் தெரியாதா?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப உனக்கு?"

"நான் கப்பலை எடுக்கலேன்னு காட்ட எனக்கு வேற ஒண்ணும் இல்லண்ணே."

அவர் விரல் காமிராவின் கொக்கி மேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திறந்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? கீழே விழுந்து திறந்துகொண்டது என்றால் கேட்பாரில்லை.

"உனக்குப் புள்ளை இருக்கா?" என்றார்.

"ஒரு பொண்ணு."

"எனக்குப் பையன். நான் கப்பலேறும்போது வயித்துல இருந்தான். இன்னும் தூக்கினதில்லே."

பிறகு பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காமிராவைச் சுற்றினார். ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. அது உள்ளே புகுந்து படத்தைக் கெடுத்துவிடுமோ என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கிள்ளான் வரும்வரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

5

கிள்ளானில் ரயிலடிக்கு எதிர்த் தெருவில் எனக்குப் பழக்கமான ஒரு சீனர் படக்கடை வைத்திருந்தார். பிலிமைக் கழுவி ஈரம் சொட்டச் சொட்ட ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது எனக்கு உயிர் வந்தது. கப்பல் இல்லை. கிடங்கென்று சொல்ல ஒரு துண்டுச் சுவர்தான். முழுக்க முழுக்க மனிதர்கள். நடுவில் கர்த்தார் சிங்கும் குழந்தையும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். பக்கத்திலேயே துப்பாக்கி.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். வாசலில் விறைத்து நிற்கிற கான்ஸ்டபிளைப் பார்த்தார். மலாயில் மெதுவாக, "இது ஒன்றை வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். வெட்டினால் எட்டில் ஒன்று எங்கே என்று கேள்வி வரும். நான் பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றுவிட்டது.

அவர் ஒவ்வொரு படமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். இது யார்? தேங்காய் விற்பவர். இது? முகாமிலிருந்து வந்த தாயும் மகளும். கர்த்தார் சிங்கின் படத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும், பழக்கமில்லாதவர்களுக்கு முகம் பிடிபடாது. ஆனால் அவர் பார்த்த விதத்தில் பழக்கம் தெரிந்தது.

"இது?"

"ஒரு மனிதர் குழந்தையை வைத்திருக்கிறார் சார்."

"அது தெரிகிறது. சுவரில் சாய்ந்திருப்பது என்ன?"

"குடை சார்" என்றேன். எப்படித்தான் சொன்னேனோ.

இன்ஸ்பெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "காலையிலிருந்து நல்ல வெயிலாயிற்றே" என்றார். பிறகு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

காமிராவையும் பிலிமையும் என் கையில் கொடுத்து, கிடங்குப் பக்கம் இனி வர வேண்டாம் என்று சொன்னார். வெளியே போகும்போது கர்த்தார் சிங்கின் முன் நின்று மலாயில் ஏதோ சொன்னார். சிங் சலாம் வைத்தார். கார் போன பிறகு குழப்பத்தோடு என்னிடம் வந்தார்.

"வெயில் நாள்லயும் கொடையைக் கையிலயே வெச்சுக்கணும்னு சொல்றார். எனக்கேது கொடை?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தாடி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். படக்கடைக்காரரும் நானும் சேர்ந்துகொண்டோம். தெருவில் போகிறவர்கள், போலீஸ்காரர் இப்படிச் சிரிக்கிறாரே என்று எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் கதையைச் சொன்னபோது ருக்மணி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். வசந்தா மட்டும் தரையில் உருண்டாள். "அப்பா, மூஞ்சிக்கு 'மூக்கா'ன்னு சொல்லணும். போலீஸ்கிட்ட போய் 'காப்பால்'னா சொன்னீங்க?" என்று அன்று முழுவதும் சிரித்தாள். அவளுக்கு மலாய் தெருவில் விளையாடும்போதே வந்துவிட்டது. எனக்கு இத்தனை வருஷமாகியும் வாடகைக்கு எடுத்த சட்டை மாதிரிதான் இருக்கிறது. மகள் திருத்த நான் கற்றுக்கொள்கிறேன், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

6

படத்தை அச்சிட்டு, துப்பாக்கி இருந்த ஓரத்தை ருக்மணியின் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, கர்த்தார் சிங்கிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "நான் சிரிக்கிறேன்" என்றார், யாரோ சொல்லக் கேட்டவர் போல. பஞ்சாபில் இருக்கிற மனைவிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவிலிருந்து ரங்கூன் போன ஒருவர், படக்கடையில் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்த படத்தை அனுப்பினார். சீலையில் மாடிவீடும் நீரூற்றும் வரைந்திருந்தது. அதை அவர் சொந்த வீடு என்றே தெரு முழுக்க நம்பியது. பெண் கொடுக்க மூன்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். தூரத்தில் இருப்பவர்கள் படத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாலை, கர்த்தார் சிங் சீருடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அக்கம்பக்கத்தார் கதவிடுக்கில் பார்த்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர் தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"ஊர்லேர்ந்து பதில் வந்துச்சு கிராணி. 'அது யார் கொழந்தை? அதோட அம்மா யாரு? அந்தக் குடும்பத்தோடயே இரு, இங்க வராதே'ன்னு சொல்லிட்டா."

"நடந்ததை எழுதலியாண்ணே?"

"எழுதினேன். எந்தப் பொம்பளை போலீஸ்காரன் கையில கொழந்தையைக் குடுத்துட்டு ஓடுவான்னு கேக்கறா."

நன்றாக வந்த படம் என்று எத்தனை பெருமைப்பட்டேன்! எத்தனையோ வருஷமாக மனைவியைப் பிரிந்திருக்கிற மனிதர். அந்தப் படத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பைப் பெற்ற தகப்பனின் சிரிப்பு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ருக்மணி கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, அந்தம்மா மேல தப்பே இல்லை. அந்தப் படத்தைப் பாத்தா எனக்கே அப்படித்தான் தோணும்" என்றாள். பிறகு சிங்கைப் பார்த்து, "அண்ணே, அந்தப் பொண்ணு காப்பார்லதானே இருக்கு? தேடிப் போங்க. அதையும் அது புருஷனையும் நிக்க வெச்சு இவர் படம் எடுக்கட்டும். கொழந்தை புருஷன் கையில இருக்கணும். நீங்க ஓரமா நில்லுங்க" என்றாள்.

இத்தனை வருஷம் காமிராவோடு திரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

7

விடுமுறை நாளாகப் பார்த்துக் காப்பாருக்குப் போனோம். வசந்தாவும் கூட வந்தாள். கிள்ளானிலிருந்து ஒரு சின்ன பஸ், பிறகு ரப்பர் மரங்களுக்கிடையே நடை. வழியில் மலாய்க்காரர்களிடம் வசந்தாதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். இரண்டு தோட்டத்தில் இல்லை என்றார்கள். மூன்றாவது தோட்டத்துக் குடியிருப்பில், போலீஸ்காரரைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. அன்றைக்குச் சீருடையில்லாமல்தான் வந்திருந்தார், ஆனாலும் அந்த உயரத்தையும் நடையையும் மறைக்க முடியுமா?

ஒரு வீட்டிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அன்னிக்கு எம்புள்ளைய வாங்கி வெச்சிருந்த வங்காளி அண்ணனா!" என்று வெளியே ஓடிவந்தாள். சீக்கியரை இங்கே நம்மவர்கள் வங்காளி என்றுதான் சொல்வார்கள். அவள் பெயர் மாரியாயி. விஷயத்தைச் சொன்னதும் முதலில் முகம் சிவந்தது, பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில் கவலைப்பட்டாள்.

"என்னாலதானே இத்தனையும். செம்பு ஓடுச்சேன்னு பாத்தேண்ணே, வேறொண்ணும் நெனைக்கல."

அவள் புருஷன் வேலு தலைவாரிக்கொண்டு வந்தான். குழந்தையை அவனிடம் கொடுத்தோம். மாரியாயி அவன் பக்கத்தில் ஒட்டி நின்றாள். கர்த்தார் சிங் நான்கடி தள்ளி, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். குழந்தை அவர் தாடியைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கே சிரித்துவிடுவோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது நல்லாவே இல்லலா" என்று வசந்தா, மலாய்ப் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்ட 'லா'வோடு, என் காதில் சொன்னாள்.

"நல்லா இல்லாம இருந்தாத்தாம்மா இது உதவும்" என்றேன்.

அதைப் போல உயிரில்லாத படம் ஒன்றை நான் எடுத்ததே இல்லை. அச்சிட்டு அனுப்பினோம். அனுப்பிய பிறகு மழைக்காலம் வந்து போயிற்று. பதில் வரவில்லை. கர்த்தார் சிங்கைப் பார்க்கும்போதெல்லாம் நானாக எதுவும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

பிறகு ஒரு நாள் அவர் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். தலைப்பாகை புதிது. "வர்றா கிராணி. பையனோட வர்றா. படத்தை நம்ப மாட்டாளாம், கண்ணால பாக்கணுமாம்" என்றார்.

கல்கத்தாக் கப்பல் வந்த நாளில் நானும் துறைமுகத்துக்குப் போனேன். கிடங்குப் பக்கம் போகாமல் ரயில் நிலையத்திலேயே காத்திருந்தேன். அவர்கள் மூவரும் நடந்து வந்தார்கள். பையன் நல்ல உயரம். அப்பாவோடு சேராமல், அம்மாவின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் காலணியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தான். அந்த அம்மாள் நடுத்தர வயது, அயர்ந்த முகம், கூர்மையான கண். சிங் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தம் பாஷையில் ஒன்று கேட்டார்.

"அந்தக் கொழந்தை எங்கேன்னு கேக்கறா" என்றார் சிங்.

"இன்னும் கோபமா இருக்காங்களா?"

அதற்குள் அந்த அம்மாள் நடைமேடையிலேயே பெட்டியை இறக்கித் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். கைக்குழந்தைக்கான சட்டை. கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் பூவேலை.

"இது அந்தப் பாப்பாவுக்காம்" என்றார் சிங். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

காப்பார்க் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறதாம். இந்தச் சட்டைக்குள் அதன் கைகூட நுழையாது. "ரெண்டாவது படத்துல வளந்திருச்சேண்ணே, அதைப் பாத்துட்டுமா இவ்வளவு சின்னதா தெச்சாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது படம் வர்றதுக்கு முன்னாடி தெச்சது. முதல் படம் வந்தப்ப."

"அப்பதானே ஊர்ப் பக்கமே வராதேன்னு சொன்னாங்க?"

"ஆமா. என் புள்ளைன்னே நெனைச்சிருந்தா. அந்தக் கோவத்துலயேதான் தெச்சிருக்கா."

நான் சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை.